கதவில் பதிந்த கை

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, வாய்க்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. இதைப் போனில் சொல்லத்தான் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

நம் பட்டறையில் பெயிண்ட் அடித்த நர்சம்மா கார்க் கதவில் கொப்புளம் விட்டது, உன் சித்தப்பா துருவை ஒழுங்காக எடுக்கவில்லை என்று போன மாதம் உன்னிடம் குதித்தேனே. நீயும் அவனைக் கூப்பிட்டு, அப்பா பேரைக் கெடுக்காதீங்க சித்தப்பா என்று சொன்னாயாம். பாப்பா, அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, தகரம் பளபளவென்று வரும்வரை துருவை எடுத்து, தின்னரில் துடைத்துத்தான் கொடுத்தான். எனக்குத்தான் இப்போதெல்லாம் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. கண்ணாடி போடச் சொல்லி அம்மா தொண்டை கிழியக் கத்தியும் நான் வீம்பை விடவில்லை. துரு மிச்சம் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாததால் வெறுங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், மறுபடி துடைக்காமல் மேலேயே முதல் பூச்சான பிரைமரை அடித்துவிட்டேன். தேய்த்த தகரத்தில் கை வைக்காதே, வியர்வை பட்ட இடத்தில் மறுபடி துரு பிடிக்கும் என்று பட்டறையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் எடுத்த பெரிய மனுஷன் நான்! கொப்புளம் வந்ததும் அது நினைவுக்கு வரவே இல்லை, நர்சம்மா முன்னாலேயே அவனை வாய்க்கு வந்தபடி பேசினேன். கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுப் போனவன்தான், பட்டறைப் பக்கமே வரவில்லை.

போன வாரம் நர்சம்மா காரை மறுபடி கொண்டுவந்தார். கொப்புளம் எல்லாம் பெரிதாகி வரிசையாக நிற்கிறது, பார்த்தால் ஒரு உள்ளங்கை, நாலு விரல் முழுசு, மோதிர விரல் மட்டும் பாதி. கிரைண்டரில் பாதி விரலை விட்டவன் இந்தப் பட்டறையில் யார் என்று உனக்குத் தெரியும். அந்த அம்மா கதவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன், அவ்வளவு அவமானமாக இருந்தது.

அன்றே சித்தப்பா வீட்டுக்குப் போய், உன் சித்தி பக்கத்தில் நிற்கும்போதே, தப்பு என்னுதுடா, வேலைக்கு வாடா என்றேன். அவன், நாளைக்கு வர்றேன் முதலாளி என்றான். அப்படியே வந்தான், கதவைத் தகரம் தெரியும்வரை உரித்துச் சுத்தமாகத் தேய்த்துக் கொடுத்தான். பேச வாய் வந்த நாளிலிருந்து என்னை அண்ணே என்றவன், இப்போது தின்னர் டப்பா கேட்பதென்றாலும் முதலாளி என்கிறான். திட்டினால் வாங்கிக்கொள்வேன் பாப்பா, இந்த மரியாதையை எப்படி வாங்கிக்கொள்வது? வெட்கத்தில் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நீ அவனுக்குப் போன் போட்டு, நீ பேசினதுக்கு நீ மன்னிப்புக் கேள். எனக்காகப் பரிந்து பேசிவிடாதே, அது என் பாடு. வேளைக்குச் சாப்பிடுங்கள், நோய்நொடி இல்லாமல் இரண்டு பேரும் மனம் ஒத்து இருக்க வேண்டும். கண் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இப்போதுகூடப் பட்டறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து நீட்டி, வரட்டுங்களா முதலாளி என்று கேட்டுவிட்டுப் போகிறான். சரி தம்பி என்றேன், அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா