குமிழின் மேல் ஒட்டிய லேபல்

அனுப்புநர்:
அழகமுத்து கிருஷ்ணகுமாரி,
கீழ்ப்பிரிவு, வெலிஹேன தோட்டம்,
தெஹியோவிட்ட.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
விழிப்புலனற்றோர் உபகரண வழங்கல் பிரிவு,
கேகாலை.

விடயம்: பிரெய்ல் கருவியின் புள்ளிகளைக் கடினமாக்கும் குமிழின் மேல் ஒட்டப்பட்ட அரச லேபலை அகற்றித் தருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிறவியிலேயே பார்வையற்றவள். வயது இருபத்து நான்கு. சென்ற செப்டெம்பரில் தங்கள் பிரிவு எனக்கு ஒரு பிரெய்ல் கருவியை வழங்கியது. கணினியில் உள்ள எழுத்துகள் அதில் சிறு புள்ளிகளாக எழும்பி நிற்கும். விரலால் தடவி வாசிக்கலாம். கையளிப்பு விழாவில் பேச்சு, படம், மாலை எல்லாம் குறைவின்றி நடந்தன. மாலை கருவிக்கு என்று பிறகு சொன்னார்கள்.

2. வைத்தியசாலை ஒன்றில் தொலைபேசி இயக்குனர் வேலைக்கு விண்ணப்பித்துள்ளேன். நவம்பர் 24ஆம் திகதி தேர்வு. இதே கருவியில் நாற்பது இலக்கங்களைப் பிழையின்றி வாசிக்க வேண்டும். ஆனால் எட்டு வருடமாக நான் றப்பர் தொழிற்சாலையில், மரத்திலேயே உறைந்த ஒட்டுப்பாலிலிருந்து மரப்பட்டையைப் பிய்த்தெடுத்தவள். பாலும் அசிட்டும் பட்டு விரல் காய்த்துவிட்டது. சற்று அழுத்தினால்தான் எனக்குத் தெரியும். அழுத்தினால் புள்ளி உள்ளே போய்விடுகிறது. நான்கு என்ற இலக்கத்தில் ஒரு புள்ளி அமுங்கினால் அது மூன்று என்ற இலக்கம். பயிற்சியின்போது வைத்தியரின் இலக்கத்தை வாசித்து அழைத்தேன், சவப்பெட்டி விற்கும் மலர்ச்சாலை பேசியது. முதல் மணியிலேயே தொலைபேசியை எடுத்த இடம் இதுவரை அது ஒன்றுதான் என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

3. இதற்கு வழி கருவியிலேயே உண்டு. பின்பக்கத்தில் ஒரு குமிழ். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவது போல அதைத் திருப்பினால் புள்ளிகள் உறுதியாக நிற்கும். அதன் மேல்தான் அரச உடைமை இலக்கம் எழுதிய லேபலை ஒட்டியிருக்கிறார்கள். வேறு இடம் இல்லையா என்று கேட்டேன். களஞ்சியப் பொறுப்பாளர், "மத்த பக்கமெல்லாம் பட்டனும் புள்ளியுமா இருக்கு தங்கச்சி, இந்த இடம்தான் சும்மா கெடந்துச்சு" என்றார்.

4. முறையிட்டேன். மூவர் குழு வந்தது. மூவருக்கும் கண் தெரியும், மூவருக்கும் பிரெய்ல் தெரியாது. ஆகவே பக்கச்சார்புக்கு இடமே இல்லை. ஒருவர் பின் ஒருவராகத் தடவிப் பார்த்தார்கள். தலைவர், "ஹொந்தாய்னே, நல்லா மெத்துன்னு இருக்கு" என்றார். அறிக்கையிலும் 'தொடுவதற்கு இதமானது' என்று எழுதினார்கள். பிறகு என் பெருவிரல் அடையாளம் கேட்டார்கள். கையெழுத்துப் போடுவேன் என்றேன்; பார்வையற்றவர்களுக்குப் பெருவிரல்தான் என்றார்கள். மூன்று தரம் மையில் அமுக்கியும் ரேகை விழவில்லை. 'விரல் காய்த்துள்ளது' என்று அவர்களே எழுதி ஒப்பமிட்டார்கள். இரண்டு வாக்கியங்களும் ஒரே தாளில் உள்ளன. தாங்கள் அவற்றை அடுத்தடுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

5. நகத்தால் உரித்தால் லேபல் வந்துவிடும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் என் அக்கா ஜீவராணி, "நா பிச்சுப் போடுறேன், நீ பேசாம இரு" என்கிறாள். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். லேபல் கிழிந்தால் கருவியைத் திரும்ப எடுப்போம் என்று கையளித்த அன்றே வாசித்துக் காட்டினார்கள். அதைவிட, தோட்டத்து ஆட்களுக்கு அரசாங்கச் சாமான் கொடுத்தால் இப்படித்தான் என்றொரு பேச்சு கிளம்பும். எனக்குப் பின்னால் விண்ணப்பம் போடும் பிள்ளைகளும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டிவரும். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

6. ஆகையால் தேர்வுக்கு முன் உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி, அரச நகத்தாலேயே அந்த லேபலை உரித்து, குமிழை நான் திருப்ப இடமளிக்குமாறு மன்றாடுகிறேன். லேபல் ஒட்டுவதற்கு வேறு இடம் கிடைக்காவிட்டால் என் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போகலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

திகதி: 2008.11.03
இடம்: தெஹியோவிட்ட

இங்ஙனம்,
அ. கிருஷ்ணகுமாரி