ரத்தினம் இன்னும் ஸ்டேஷனில் நிற்கிறாள்

என் செல்விக்கு,

கையைக் கழுவிவிட்டுத்தானே வந்திருக்கிறாய்? தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்பு போட்டு, துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு அப்புறம் இந்தக் கடிதத்தைத் தொடு. உன்னை இப்படிச் சீண்டி எவ்வளவு நாளாகிவிட்டது. சீண்டினால் பதிலுக்கு ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று காது இப்போதும் காத்திருக்கிறது.

புத்தகத் திருவிழா முடிந்துவிட்டதடி. நீ இல்லாத முதல் திருவிழா. யாரிடமாவது புலம்பினால் "அதான் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல, விடும்மா" என்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு நீதான் வேண்டியிருக்கிறது.

முதல் வருடம் நாம் சந்தித்த சாயங்காலம் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டகை. பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடை கடையாகப் பார்த்துக்கொண்டே போனீர்கள். ஒருத்திகூட ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. காலண்டர் அச்சகத்தில் கணக்கு எழுதிவிட்டு விழாக் குழுவின் கடைக்கு ஓடி வந்து, ஒரு வியாபாரமும் ஆகாத எரிச்சலில் நின்றிருந்தேன் நான். "எடுத்துப் பாருங்கம்மா, பாக்குறதுக்குக் காசா கேக்குறோம்?" என்றேன். நீ மட்டும் முன்னால் வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாய். அலுமினியப் பவுடர் ரேகைக்குள் எல்லாம் இறங்கி, கை வெள்ளியாய் இருந்தது. "கம்பெனியில கழுவிட்டுத்தான் வந்தோம். இதுக்கு மேல போகாது. இந்தக் கைய வச்சுத் தொட்டா அப்புறம் அந்தப் பொஸ்தகத்த யாரு வாங்குவாக?" என்று கேட்டாய்.

மறுநாள் வாசலில் தண்ணீர் டிரம் வைத்தோம். எண்ணெய் பாட்டிலை நீ கொண்டு வந்தாய், சோப்பும் துண்டும் நான். அன்றைக்குப் புத்தகத்தைத் தொட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கடுத்த வருடம் நீ விழாக் குழுவிலேயே இருந்தாய். சில மாதம்தான் மூத்தவள் என்று எத்தனை முறை சொல்லியும் என்னை அக்காவாக்கிவிட்டாய்.

போன சித்திரையில் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. அச்சகத்துக்குள் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் அந்த வெடிச் சத்தம் கேட்டது. இந்த ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எல்லாரும் போனைத்தான் எடுப்போம். நானும் எடுத்தேன். நீங்கள் வேலையிடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது தெரிந்தும் உனக்குத்தான் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

சரி, திருவிழாவுக்கு வருகிறேன். இந்த வருடம் பைபாஸில் புதிதாய்க் கட்டிய ஏசி கல்யாண மண்டபம் இலவசமாகக் கிடைத்தது. குழுத் தலைவர் அண்ணாச்சிக்குத் தெரிந்தவர் மண்டபம். போன தடவை மழையில் புத்தகம் நனைந்த கதையைச் சொல்லி எல்லாரும் சரி என்றார்கள். நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் மண்டப மேனேஜர் ஒரு நிபந்தனை சொன்னார். "தரை பூரா வெள்ளை மார்பிள். வாசல்ல டிரம் கிரம்னு வச்சீகன்னா சேறாயிரும். கம்பெனி ஆளுக வந்தா அந்தப் பவுடரு வேற. அதெல்லாம் வேண்டாம்."

நான் கத்தினேன். எனக்குக் கத்தாமல் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அண்ணாச்சி, "கோவப்படாதீகம்மா, உள்ள வாஷ்பேசின் இருக்குல்ல, அங்கன போய்க் கழுவிக்கிடட்டும்" என்றார். அந்த வெள்ளைத் தரையை மிதித்து உள்ளே போனால்தானே வாஷ்பேசின்? குழுவில் எனக்கு ஆதரவாக ஒரு கையும் உயரவில்லை. வழக்கமாக உயரும் கை உன்னுடையதுதான்.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. விருதுநகரிலிருந்தெல்லாம் கார் போட்டு வந்திருந்தார்கள். பேச்சு, பொன்னாடை, போட்டோ. எனக்கு ஒன்றும் மனதில் தங்கவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனைக்குட்டம் பக்கமிருந்து வேலை விட்டு வரும் வேன்கள் வரிசையாகக் கடந்து போயின. ஒன்றுகூட நிற்கவில்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் உங்கள் வேனும் போனது. ஜன்னலோரம் பேச்சியம்மாக்கா முகம் தெரிந்தது. அவர் மண்டபத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேன் போய்விட்டது. அப்போது நீ செத்துப்போனது எனக்கு இன்னொரு தடவை நடந்தது, செல்வி.

மறுநாள் சாயங்காலம் ரோட்டில் போய் நின்று வேனை மறித்தேன். டிரைவர் அய்யனார் பதறிப்போய் பிரேக் போட்டார்.

"என்னக்கா, ஏன் இறங்க மாட்டேங்கிறீக?" என்றேன்.

பேச்சியம்மாக்கா ஜன்னல் வழியே சொன்னார். "அந்தத் தரையில எப்படித்தா கால வைக்க? செல்வி இருந்தா முன்னால நடப்பா, நாங்க பின்னாலயே வந்திருவோம். டிரம்மையும் காணோம். சரி, நமக்கில்லன்னு நெனச்சிட்டோம்."

நமக்கில்லை என்று அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் வராத திருவிழாவை உன்னை நினைத்துக்கொண்டு நான் எதற்காக நடத்த வேண்டும்? அடுத்த நாள் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பழைய டிரம்மைத் தேடி எடுத்து, மண்டப வாசலில், நடுவாசலில், கொண்டுபோய் வைத்தேன். எண்ணெய், சோப்பு, துண்டு எல்லாம் வைத்தேன். மேனேஜர் வந்து குதித்தார். "எடுங்க மொதல்ல. அண்ணாச்சிக்குப் போன் போடுறேன்."

"போடுங்க. நானும் அவுகளத்தான் எதிர்பாக்குறேன்" என்றேன்.

அண்ணாச்சி வந்தார். காரிலிருந்து இறங்கினார். மேனேஜரைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு, எண்ணெயை ஊற்றி, ஒரு அழுக்கும் இல்லாத அந்தக் கையை நிதானமாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மேனேஜர் அதற்கப்புறம் டிரம் பக்கம் வரவே இல்லை. அண்ணாச்சியை நீ எப்போதும் நல்ல மனுஷன் என்பாய், நான் உதட்டைப் பிதுக்குவேன். இந்த ஒரு தடவை உன் பேச்சு ஜெயித்ததாக வைத்துக்கொள்.

அன்றைக்கு வேன்கள் நின்றன. பேச்சியம்மாக்காதான் முதலில் இறங்கினார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர் எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. மற்றவர்களும் அவரோடு நேராக என்னிடம் வந்தார்கள்.

"செல்வி வேன்ல வாசிச்சாளே, அந்தக் கதப் பொஸ்தகம் இருக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ வேனில் வாசிக்கிறாய் என்பது தெரியும். வீடு திரும்பும் நேரம் முழுக்க வாசிப்பாய் என்றும், கதை பாதியில் நின்றால் அய்யனார் ஊருக்குத் திரும்பும் விலக்கிலேயே வண்டியை ஓரங்கட்டி, வாசித்து முடிக்கும்வரை எடுக்க மாட்டார் என்றும் நீயே பெருமையடித்திருக்கிறாய். என்ன கதை என்று கேட்டேன். புத்தகத்தின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. புருஷனைத் தேடிக்கொண்டு ரயிலேறிப் போகிற ரத்தினம் என்ற பெண்ணின் கதை என்றார்கள். ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி திருத்த, மண்டபத்தில் அந்த மூலையில் மட்டும் வேனுக்குள் இருந்த மாதிரி ஒரே சத்தம்.

"பாஷ தெரியாத ஊருல ரயில விட்டு எறங்குறா. கையில ஒரு துணிப்பை. அம்புட்டுத்தான்" என்றார் பேச்சியம்மாக்கா. "அதுக்கு மறுநாத்தான்..." கழுவிய கையைச் சேலையில் மறுபடி துடைத்தார். "அவ பாட்டுக்கு ரத்தினத்த ஸ்டேஷன்லயே தனியா நிக்க வச்சிட்டுப் போயிட்டா. இத்தன மாசமா நிக்கிறாத்தா. அவளுக்கு என்னாச்சுன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

எல்லாக் கடைகளிலும் கதையைச் சொல்லிக் கேட்டேன். அடையாளம் தெரிந்த ஓரிருவரும் அது பழைய பதிப்பு, எங்கும் கிடைப்பதில்லை என்றார்கள். நீ எங்கே பிடித்தாய் அதை?

கடைசி நாள் உன் வீட்டுக்காரர் முருகேசன் வந்தார். பேச்சியம்மாக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். மெலிந்துவிட்டாரடி. கையில் உன் சாப்பாட்டுப் பை. வேலை நேரத்தில் பைகளையெல்லாம் கம்பெனி கேட் பக்கத்து வேப்பமரத்தில்தானே மாட்டிவிட்டுப் போவீர்கள், அதனால் அது மட்டும் பிழைத்திருக்கிறது. கம்பெனியில் கொடுத்ததை அவர் அப்படியே ஆணியில் மாட்டியிருக்கிறார். "என்னால முடியல மதினி. நீங்களே தெறங்க" என்றார்.

திறந்தேன். சீப்பு, டிபன் பாக்ஸ், போன வருடத் திருவிழா நோட்டீஸில் அட்டை போட்ட அந்தப் புத்தகம். புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் உன் விரல் பட்டு வெள்ளிக்கறை. சாயங்காலம் வேனில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் எங்கே போவாய்? பக்கம் பக்கமாகக் கறை வந்துகொண்டே இருந்தது. ரத்தினம் ரயிலை விட்டு இறங்கும் பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் இல்லை. அதற்கப்புறம் எல்லாம் கறை படாத வெள்ளை. முருகேசனும் பார்த்தார். அந்த மார்பிள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்து அழுதேன். சுற்றிலும் ஜனம் நடந்துகொண்டிருந்தது, யார் பார்த்தால் என்ன?

மீதியை நான் இன்னும் படிக்கவில்லை, செல்வி. தனியாகப் படித்து நான் மட்டும் தெரிந்துகொள்வது சரியில்லை என்று பட்டது.

வருகிற திங்கட்கிழமை சாயங்காலம் அச்சக வாசலில் அய்யனார் வண்டியை நிறுத்துவார். சொல்லி வைத்திருக்கிறேன். உன் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, நீ நிறுத்திய இடத்திலிருந்து நான் வாசிக்கப்போகிறேன். உன்னைப் போல ஏற்ற இறக்கமாக வராது, கத்தித்தான் வாசிப்பேன், பொறுத்துக்கொள்ளட்டும். பக்கத்தைப் புரட்டுவது மட்டும் நான் இல்லை. என் பக்கத்தில் பேச்சியம்மாக்கா உட்காருவார், அவருக்கப்புறம் அடுத்தவர், அதற்கப்புறம் அடுத்தவர். வேலை முடிந்து வந்த கையோடு அவர்களே புரட்டட்டும். அந்தப் பக்கங்களை வெள்ளையாகவே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

ரத்தினத்தை ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து சேர்ப்பது என் பொறுப்பு. நீயும் வந்து உட்கார். கை கழுவ வேண்டாம்.

நீ அக்காவாக்கிக்கொண்ட,
ஷகிலா