வயர் இல்லாத ஸ்பீக்கர்

ஜூன் 9, ஞாயிறு

காலையிலிருந்தே மழை. துணி காயவில்லை. அவர் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர்களை ஒருவழியாக வைத்து முடித்தார். ஒன்று ஹாலில், ஒன்று அடுக்களையில். மைக் மாமனாரின் கட்டிலருகே. மாமாவால் எழுந்து வர முடியாது. இனி காலை ஜெபத்தைப் படுத்தபடியே நடத்தலாம், வீடு முழுக்கக் கேட்கும். வயர் இழுக்கலாமே என்றேன்.

"புது பெயின்ட் அடிச்ச சுவருல ஆணி அடிக்கவா? இது ரேடியோ மாதிரியாக்கும். காத்துல வரும்."

ஜூன் 12, புதன்

பக்கத்து வீட்டு ராஜம்மாள் அக்கா, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: "ஷீலா, அவனுக்க விசா கேன்சல் ஆயிப்போச்சு இல்லியா? விஷமிக்காத மக்கா, கவலப்படாத."

அவர், மாமா, நான். வேறு யாருக்கும் தெரியாதே. யார் சொன்னது என்றதற்கு, "கேட்டேன்" என்று மட்டும்.

அவரிடம் சொன்னது தப்பாகிவிட்டது.

"நீ உனக்க அம்மைட்ட பறஞ்சிருப்ப. இப்போ அவளுக்க ஊரு நெய்யாற்றின்கரை சந்தை முழுக்க தெரிஞ்சிருக்கும்."

இல்லை என்றேன். நம்பவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பேச்சில்லை. நான் போன் பக்கம் போனால் ஹாலில் வந்து நிற்கிறார். எனக்கும் எல்லார் மேலும் சந்தேகம். பொழியூர் மீன்காரியை இன்று வாசலோடு அனுப்பினேன். பாவம். சாளை நல்ல சாளை. உப்பு தீர்ந்தது.

ஜூன் 15, சனி

காலையில் கறிவேப்பிலை கேட்டு ரா. அக்கா வீட்டுக்கு. அவள் அடுக்களையில் மாமா குரல்! இருமல் உட்பட. அலமாரி மேல் ரேடியோ.

"கர்த்தாவே, எனக்க மொவனுக்க விசா போன காரியத்தில நீரே ஒரு வழி தெறக்கணும்..."

அக்காவுக்குக் கூச்சமே இல்லை. "ஸ்டேஷன் திருப்பினப்போ கிட்டினதாக்கும். தெனமும் கேப்பேன். உனக்க மாமா நல்லா ஜெபிப்பாரு."

ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து கேட்க வைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மைக்கைப் பிடுங்கினார்.

ஜூன் 17, திங்கள்

எலக்ட்ரீசியன் வந்து வயர் இழுத்தான். புதுச் சுவரெல்லாம் ஆணி. மாமாவைப் பேசச் சொல்லிவிட்டு, ரா. அக்கா ரேடியோ பக்கம் நின்று பார்த்தேன். வெறும் இரைச்சல். நிம்மதி.

மத்தியானம் சாப்பாட்டில் அவராகவே வாய் திறந்தார்.

"அப்போ, நீ அம்மைட்டகூட பறயல்ல?"

"இல்ல."

சோற்றைப் பிசைந்தார்.

"பெத்த தாய்ட்ட சொல்லாம இத்தனை நாள் மனசுல வச்சிருந்தியே. இன்னும் என்னெல்லாம் வச்சிருக்க?"

ரசம் வேணுமா என்று கேட்டேன்.