பாலத்துக்கு முன்னால் நிறுத்திய பஸ்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் தம்பியும் சௌக்கியம், நீயும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும். நானும் சௌக்கியம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரல.

முதுகுவலி, லீவுல இருக்கார்னு அம்மா போன்ல சொன்னது பொய், நான்தான் சொல்லச் சொன்னேன். அஞ்சாறு மாசமாவே எனக்கு விடியுறதுக்கு முன்னாடி தூக்கம் கலைஞ்சிடும், சோறு மண்ணு மாதிரி இருக்கும், தம்பி பக்கத்துல வந்தாலே எரிஞ்சு விழுவேன். வயசாகுதுன்னு நினைச்சேன். அப்புறம் ஆத்துப் பாலத்துல பஸ்ஸை ஏத்தும்போதெல்லாம், இதோட எல்லாம் முடிஞ்சா நிம்மதின்னு ஒரு நினைப்பு வர ஆரம்பிச்சது. இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவன், யார்கிட்ட போய் இதைச் சொல்ல? போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, நிக்க இடமில்லாத கூட்டம், பாலம் கண்ணுல பட்டதும் அதே நினைப்பு, ஓரங்கட்டி நிறுத்திட்டேன். பின்னாடி ஒரே சத்தம், ஆபீசுக்கு நேரமாச்சு, டிரைவர் தூங்கிட்டாரான்னு. நீ சின்ன வயசுல விசில் மாமான்னு கூப்பிடுவியே, அந்தக் கண்டக்டர் முன்னால வந்து என்னண்ணேன்னு கேட்டார். சாவியை அவர் கையில வச்சு, இதை என்கிட்ட திருப்பிக் கொடுக்காதீங்க, என்னையே எனக்கு நம்ப முடியலன்னு சொன்னேன். அவர் அதுக்கு மேல ஒரு கேள்வி கேட்கல, வண்டி ரிப்பேர், எல்லாரும் அடுத்த பஸ்ல ஏறுங்கன்னு கத்திட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்துட்டார். ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் கூட்டிட்டுப் போனார். மனநல டாக்டருக்கு உன் வயசுதான் இருக்கும், சாகணும்னு தோணுதான்னு நேராவே கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன், அழுதுட்டேன். இது மனச்சோர்வு, ஒரு நோய், மருந்தும் பேச்சும் சேர்ந்தா குறையும்னாங்க. வீட்ல யாருக்குத் தெரியும்னு கேட்டு, யாருக்கும் தெரியாதுன்னதும் போனை என் பக்கம் நகர்த்தி வச்சாங்க. அம்மா ஓடி வந்தா. அழுவான்னு பார்த்தா, என் சமையல்தான் சரியில்லைன்னு இத்தனை நாளா உப்பைக் கூட்டிக் கூட்டிப் போட்டேனேன்னு திட்டினா. இப்போ அஞ்சாவது வாரம் மாத்திரை. தூங்குறேன். டிப்போவுல நேரம் குறிக்கிற வேலை கொடுத்திருக்காங்க. முழுசா சரியாகல, ஆனா பசிக்குது.

இதை எழுதுறதுக்குக் காரணம் நீதான். போன ஞாயிற்றுக்கிழமை, எதுவுமே பிடிக்கலப்பா, எழுந்திருக்கவே தோணலன்னு சொல்லிட்டு, சும்மா சொன்னேன்னு சிரிச்ச. அம்மா வேலை அலுப்புன்னா. நான் நம்பல. அதுக்கப்புறம் நாலு தடவை கூப்பிட்டேன், பக்கத்துல ஆள் இருக்காங்கன்னு வச்சிட்ட. டாக்டர்கிட்ட போம்மா. கூட வேலை பார்க்கிற பொண்ணு ஒருத்தியையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கோ. எனக்கு வந்த நினைப்பு உனக்கும் வந்திருக்கான்னு கேட்பேன், ஆமான்னாலும் திட்ட மாட்டேன். வியாழக்கிழமைக்குள்ள உன் போன் வரலைன்னா வெள்ளிக்கிழமை ரயில்ல ஏறிடுவேன், டிக்கெட் எடுத்தாச்சு, மறந்துடாதே.

நீ நல்லா இருக்கணும் பாப்பா. நல்லா இல்லைன்னாலும், இருக்கணும்.

உன் அப்பா