உப்புநீர்க் குட்டிகள்

சப்போரோ
20 அக்டோபர் 1978

அன்பு மகள் சிகுசாவுக்கு,

மலையில் முதல் பனி விழுந்துவிட்டது. உனக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பாகற்காயைத் தட்டின் ஓரம் ஒதுக்கி அத்தையைப் படுத்தாதே. நேற்று ஆய்வில் இறந்த எலிகளுக்கு நினைவு நாள். வழக்கம்போல் அவற்றின் நினைவுக் கல்லின் முன் ஊதுபத்தி ஏற்றி, அவற்றிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அப்படி என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். பிறந்த எலிக்குட்டியின் குடலுக்குப் பாலை மட்டும்தான் தெரியும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியும் பாலோடு அந்தக் குடல் வழியாகவே உடம்பில் சேரும். மூன்றாவது வாரத்தில் குட்டியின் உடம்பில் ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன் பெருகும். குடலின் உள்தோல் செல்கள் முதிர்ந்து, சர்க்கரையையும் தானியத்தையும் செரிக்கப் பழகும். தாயின் எதிர்ப்புச் சக்தி வந்த அந்த வழி மூடிக்கொள்ளும். ஹார்மோனை முன்கூட்டியே ஊசியில் கொடுத்தால் குடல் முன்கூட்டியே முதிருமா என்று பார்க்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க, பாதிக் குட்டிகளுக்கு வெறும் உப்புநீர் ஊசி.

ஆனால் உப்புநீர்க் குட்டிகளும் சீக்கிரமே முதிர்ந்துவிடுகின்றன. பேராசிரியர் எல்லார் முன்னாலும், "இகுயோ சான், உப்புத்தண்ணிக்கே குடல் முத்திப்போச்சுன்னு எழுதிடலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அப்பா காலமான பிறகு, இரண்டே வருஷம் என்று சொல்லி உன்னை அவர் அக்காவிடம் விட்டேன். ஆறு ஆகிவிட்டது. இது முடிந்ததும் ஏப்ரலில் உன்னை இங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கிறேன். இந்த முறை நிச்சயம்.

அம்மா

ககோஷிமா
6 நவம்பர்

அன்புள்ள அம்மா,

காலுறையில் என் கால் பாதிதான் நுழைந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தேன். எரிமலை சாம்பலைக் கொட்டுகிறது. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். பாகற்காய் சாப்பிட ஆரம்பித்து நாலு வருஷமாகிறது. இப்போது நானே சமைக்கிறேன்.

"உங்கம்மா அங்க எலிக்குட்டிக்குத் தாலாட்டு பாடிட்டிருக்காளாக்கும்!" என்கிறாள் அத்தை. விளையாட்டுக்குத்தான்.

ஒரு சந்தேகம். ஊசி போடும்போது குட்டிகளை எங்கே வைப்பாய்? தாய் கூடவே இருக்குமா?

'இந்த முறை நிச்சயம்' என்று நீ எழுதுவது இது நாலாவது தடவை. ஆனாலும் பள்ளியில் சப்போரோ என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மறந்துவிடாதே அம்மா.

சிகுசா

ககோஷிமா
20 ஜனவரி 1979

அம்மா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. ஆசிரியர் தினமும் கேட்கிறார். உடம்பு சரியில்லையா?

சிகுசா

சப்போரோ
11 பிப்ரவரி

என் கண்ணே சிகுசா,

உன் சந்தேகம்தான் விடை! பஞ்சு விரித்த பெட்டியில், விளக்குச் சூட்டில், காலையிலிருந்து மாலைவரை குட்டிகளைத் தனியே வைத்திருந்தேன். எடை, அடையாளம், ஊசி என்று நிதானமாகச் செய்வேன். பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்தேன். தாயைக் காணாத பயத்தில் அவையே அந்த ஹார்மோனைச் சுரந்திருக்கின்றன. தாயோடு விட்டுவைத்த உப்புநீர்க் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். பேராசிரியர் தலைகுனிந்து வணங்கினார்.

'குட்டியைத் திரும்பத் தாயிடம் விட்டாலும் குடல் பழைய நிலைக்கு வராது' என்று கட்டுரையில் எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. உன் கடிதங்களைத் தேடி எடுத்தேன். ஜனவரிக் கடிதம் அதுவரை பிரிக்காமலே கிடந்தது. நான் வாங்கிய காலுறை ஒன்பது வயதுப் பிள்ளையின் அளவு.

எலிகளிடம் வருஷாவருஷம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மன்னித்துவிடு. இங்கே ஒரு தனியார் பள்ளியில் கெஞ்சி இடம் வாங்கியிருக்கிறேன். வந்துவிடு, சிகுசா.

அம்மா

ககோஷிமா
25 பிப்ரவரி

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு அரிசி களைந்து உலை வைத்தேன்.

இங்கேயே விண்ணப்பித்துவிட்டேன். கடைசி நாளன்று அத்தை கையெழுத்துப் போட்டாள். "உங்கம்மா வருவா, வருவான்னு நானும்தான் நெனச்சேன்டி" என்று அவளும் அழுதாள். நான் வரவில்லை அம்மா. கோபமில்லை. கோபம் இருந்தவரைக்கும் வர ஆசையாகத்தான் இருந்தது.

என் கால் அளவு இருபத்து நாலு சென்டிமீட்டர்.

கோடையில் நீ வா. நான் சமைத்து வைக்கிறேன். என்ன சமைக்கலாம் என்று யோசித்தேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கும் தெரியவில்லை. எழுதி அனுப்பு. பதில் வராவிட்டால் பாகற்காய்தான்.

சிகுசா