புதுப் போனில் அவருக்குக் கேட்டது

செவ்வாய்க்கிழமை

புதுப் போன் வாங்கி இன்றோடு மூன்று நாள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்தான். கப்பலில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் சாயங்காலம் வீடியோ காலில் வந்ததும், "போன் எப்படி இருக்கு?" என்று கேட்டார். காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி வரை நிற்கிறது, வெயிலில் திரை தெரியவில்லை, படம் நிறைய எடுத்தால் திணறுகிறது என்றேன்.

"கேமராவும் மோசந்தான். ஒம் மூஞ்சியே மங்கலாத் தெரியுது" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி அவருக்குத் தெரியவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை வரும். அவர் கப்பலை விட்டு இறங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மீன் விலை, கோயில் கொடியேற்றம் என்று ஏதேதோ பேசிக்கொண்டே போனேன். நடுவில் அவர் நிறுத்தினார்.

"ஏளா, ஒந்தொண்ட ஏன் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?"

படம்தான் மங்கல். சத்தம் அவ்வளவு சுத்தமாகப் போயிருக்கிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"வெள்ளிக்கெழம டாக்டர்ட்ட போவும்போது எனக்குப் போனப் போட்டுக் கையில வச்சுக்க. அவர் சொல்லுதத நானும் கேக்கணும்" என்றார்.

சரி என்றேன். அதன் பிறகுதான் மத்தியானம் தொடாமல் வைத்திருந்த சோற்றை எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன்.