செத்தவளுக்கு வைத்த புடவை

நவ. 8, சனி

விடாத மழை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் செருப்பு சேற்றோடு போனது. தம்பி பைக்கில் வந்தான். அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம்.

காலனிப் பையனைக் கட்டிக்கொண்டேன் என்று ஏரியில் இறங்கி எனக்குத் தலை முழுகியவர். பதினாறாம் நாள் காரியம், ஊருக்கே சோறு. என் கருமாதியன்று நான் ஒரகடம் கம்பெனியில் செகண்ட் ஷிஃப்ட்.

கட்டிலில் பாதி ஆளாய்க் கிடக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் கஞ்சி ஊட்டுகிறாள். கன்னியம்மா. ஏரிக்கரை இருளர் வீட்டுப் பெண். என்னைவிடச் சின்னவள். அவள் அம்மா எங்கள் வயலில் நடவு நட்டபோது தண்ணீர் கொட்டாங்குச்சியில்தான்.

"நைனா, வாயத் தொற. ஆரு வந்துகீது பாரு."

நைனா. நான் கூப்பிட்ட வார்த்தை. பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவ. 9, ஞாயிறு

தூறல். வாங்க: டயப்பர், குளுக்கோஸ், கொசுவத்தி, செருப்பு.

தம்பி பெண்டாட்டி நாற்றம் தாங்காமல் தாய் வீட்டில். சொந்தம் எட்டிப் பார்க்கவில்லை. பீ அள்ள ஆள் வேண்டுமென்றால் மட்டும் சாதி கதவைத் திறந்துவிடும். சரி, கோபம் அதற்கில்லை. கன்னியம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறார்.

மதியம் ஸ்பூனை நான் எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் வாங்கினாள், உடனே குடித்தார். அவளைத் திட்ட மனதில் ஒரு வார்த்தை வந்தது. சாதி வார்த்தை. என் புருஷனை அவர் திட்டிய அதே ரகம். சீ.

நவ. 10, திங்கள்

வெயில். போர்வை துவைத்தேன்.

கொடியடியில் கன்னியம்மாவிடம் கேட்டே விட்டேன், என்னிடம் மட்டும் ஏன் குடிக்க மாட்டேன் என்கிறார்.

"செத்தவங்களுக்கு நம்பதான் போடணுமாம். அவுங்க போட்டு நம்ப துன்னக் கூடாதாம். கோச்சிக்காதக்கா."

வருஷா வருஷம் எனக்குப் படையலாம். போட்டோ, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, புதுப் புடவை. காக்காய்க்கு வைத்த பிறகு எல்லாம் இவளுக்கு.

"இன்னாக்கா அப்டி பாக்கற? இதுகூட உன்துதான்."

அவள் கட்டியிருந்த பச்சைப் புடவை. அரக்கு பார்டர். கல்யாணத்துக்குக்கூட எனக்கு ஒரு ரவிக்கைத் துணி தராதவர். உயிரோடு இருந்தவளுக்கு இல்லை, செத்தவளுக்கு வருஷம் ஒன்று. அதையும் கட்டியது இவள். கழற்றிக் கொடு என்று கேட்டுவிடுவேனோ என்று உள்ளே வந்துவிட்டேன்.

மதியக் கஞ்சி. ஸ்பூனை அவர் கையில் வைத்தேன்.

"நான்தான் செத்துட்டனே, நைனா. எனக்குப் போடு."

கட்டிலோரம் மண்டியிட்டு வாயைத் திறந்தேன். என்னைப் பார்த்தார். கஞ்சியை அள்ளி நீட்டினார். பாதி என் மோவாயில், பாதி வாயில். உப்பே இல்லை.

இரண்டாவது ஸ்பூன், படையல் மிச்சம் போல, கன்னியம்மா பக்கம் திரும்பியது. அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். எலும்பு. அதையும் நானே குடித்தேன்.